பிக்கப் வண்டியில் 'டிக் டிக்' சத்தமா? முதலில் ஆயிலைப் பாருங்கள்

டீசல் இன்ஜினில் ஓரளவு சத்தம் இயல்புதான். ஆனால், சந்தைக்கு லோடு ஏற்றிக் கிளம்பும்போது இதுவரை இல்லாத 'டிக் டிக்' சத்தம் கேட்டால் அலட்சியம் வேண்டாம்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து 10 நிமிடம் கழித்து ஆயில் அளவுக் கம்பியை எடுத்துத் துடைத்து, மீண்டும் விட்டுப் பாருங்கள். ஆயில் இரண்டு குறிகளுக்கும் இடையில் இருக்க வேண்டும். குறைந்திருந்தால், வண்டிக்கு உரிய ஆயிலை ஊற்றுங்கள்; எங்காவது ஒழுகுகிறதா என்றும் பாருங்கள்.

அளவு சரியாக இருந்தும் சத்தம் வந்தால்:

* ஸ்டார்ட் செய்ததும் கேட்டு, சில நொடிகளில் நின்றுவிட்டால்: இரவில் கீழே இறங்கிய ஆயில் மேலே ஏறும்வரை வரும் சத்தமாக இருக்கலாம்.
* மேல்பக்கம் விடாமல் கேட்டு, ஆக்சிலரேட்டர் கொடுக்கக் கொடுக்க வேகமானால்: டேப்பெட் இடைவெளி கூடியிருக்கலாம். மெக்கானிக்கிடம் காட்டி 'செட்' செய்யுங்கள்.
* அடிப்பக்கத்தில் 'டக் டக்' என்று கனமாகக் கேட்டு, லோடு இழுக்கும்போது கூடினால்: பேரிங் தேய்ந்திருக்கலாம். ஓட்டாதீர்கள்.

வழியில் ஆயில் விளக்கு எரிந்தால், 'சந்தைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்று நினைக்காமல் உடனே ஓரங்கட்டி இன்ஜினை அணையுங்கள். சரக்கை மாற்றிவிட வேறு வண்டிக்குக் கொடுக்கும் வாடகை, இன்ஜின் வேலைக்கு ஆகும் செலவைவிடக் குறைவு.