புதிய லைப்ரேரியன்களுக்குத் துணை யார்?

ஒரு ஜில்லாவில் எத்தனை புத்தகசாலைகள் இருக்கின்றன, அவற்றில் எத்தனை ஆயிரம் புத்தகங்கள் இருக்கின்றன என்று கேட்டால் சர்க்கார் அலுவலகம் கணக்குச் சொல்லிவிடும். அந்தப் புத்தகசாலைக்குப் புதிதாக வந்து சேரும் லைப்ரேரியனுக்கு முதல் மாதத்தில் யார் துணையாக நிற்கிறார்கள் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. நியமன உத்தரவு வருகிறது, சாவிக்கொத்தும் பதிவேடுகளும் கைமாறுகின்றன, கையெழுத்து ஆகிறது. மறுநாள் காலையில் அவர் கதவைத் திறந்து தனியே உட்காருகிறார். கடலூர் ஜில்லாவின் கிராமங்களிலும் சிறு பட்டணங்களிலும் இவ்விதம் தனியே உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றியும், பள்ளிக்கூடங்களில் பாடம் நடத்துவதோடு புத்தக அலமாரியின் பொறுப்பையும் சுமக்கும் உபாத்தியாயர்களைப் பற்றியும் இன்று நாம் எழுத விரும்புகிறோம்.

பரீட்சை தேறிப் பட்டமும் பெற்று வந்தவருக்குத் துணை எதற்கு என்று சிலர் கேட்கலாம். சட்டப் பரீட்சை தேறியவர் மறுநாளே பெரிய வழக்கைத் தனியாக ஏற்று நடத்துகிறாரா? ஒரு சீனியர் வக்கீலின் பின்னால் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு சில வருஷம் நடந்த பிறகுதானே அவருக்குக் கோர்ட்டு பழகுகிறது? வைத்தியருக்கும் அப்படியே. லைப்ரேரியன் ஒருவர்தான் முதல் நாளிலேயே சீனியரும் ஜூனியரும் குமாஸ்தாவும் தாமாகவே இருக்க வேண்டியிருக்கிறது.

இதற்கு நாம் வெகு தூரம் போய் உதாரணம் தேட வேண்டியதில்லை. சிதம்பரத்திலிருந்து கொள்ளிடத்தைத் தாண்டினால் சீர்காழி. அங்கே 1892-ல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் அவர்களை இந்தியப் புத்தகசாலை இயக்கத்தின் பிதா என்று தேசம் முழுவதும் கொண்டாடுகிறது. ஆனால் அவர் அந்த உத்தியோகத்துக்கு வந்த கதையைப் பலர் அறியார். அவர் சென்னை மாநிலக் கல்லூரியில் கணித ஆசிரியர். 1924-ம் வருஷம் ஜனவரியில் சென்னை சர்வகலாசாலையின் லைப்ரேரியனாக நியமிக்கப்பட்டார். அவ்வேலையில் அவருக்கு முன்பயிற்சி எதுவும் இல்லை. மாணாக்கர்களுடன் பேசிப் பழகிய மனிதருக்கு அந்த மௌனமும் தனிமையும் தாங்கவில்லை. வேலைக்குச் சேர்ந்து சில நாட்களுக்குள்ளேயே தமது பழைய கல்லூரித் தலைவரிடம் ஓடிப்போய், தம்மைத் திரும்பவும் கணக்கு வாத்தியாராகவே வைத்துக்கொள்ளும்படி மன்றாடினார்! தலைவர் விவேகமுள்ளவர். முதலில் லண்டனுக்குப் போய் அங்குள்ள புத்தகசாலை முறைகளைக் கற்று வரலாம், வந்த பிறகும் மனம் மாறாவிட்டால் பழைய உத்தியோகம் காத்திருக்கும் என்று ஏற்பாடு செய்துகொடுத்தார்.

லண்டனில் ரங்கநாதனுக்குக் கிடைத்தது புத்தகப் படிப்பு மட்டுமல்ல. கிராய்டன் நகரத்துப் பொதுப் புத்தகசாலையின் தலைவரான பெர்விக் ஸேயர்ஸ் அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். அவருடைய துணையால் பல ஊர்ப் புத்தகசாலைகளுக்குள் நுழைந்து, அங்கு நடக்கும் காரியங்களையெல்லாம் கண்ணால் பார்க்க முடிந்தது. 1925-ல் திரும்பி வந்தவர் கணித உத்தியோகத்தின் பேச்சையே எடுக்கவில்லை. அடுத்த இருபது வருஷம் சென்னைப் புத்தகசாலையே அவருடைய உலகமாயிற்று. புத்திக்கூர்மையில் அவருக்குக் குறைவு இருந்ததில்லை. குறைவாயிருந்தது, வழிகாட்ட ஒரு மூத்தவரும் பார்த்துப் பழக நாலு இடங்களும்தான். அவை கிடைத்திராவிட்டால் இந்தியாவுக்கு ஒரு நல்ல கணக்கு வாத்தியார் மிஞ்சியிருப்பார், அவ்வளவுதான். ஒரு கல்லூரித் தலைவர் தம்மிடம் ஓடி வந்தவரைக் கடிந்து அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நம் அதிகாரிகள் யோசித்துப் பார்க்கட்டும்.

இனிச் சிதம்பரத்துக்கு வருவோம். புத்தகம் பூட்டிவைப்பதற்கல்ல, உபயோகிப்பதற்கே என்று தொடங்கி, ஒவ்வொரு வாசகனுக்கும் உரிய புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் உரிய வாசகன், வாசகனின் நேரத்தை வீணாக்காமை, புத்தகசாலை வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர்ப்பொருள் என்று விரியும் ரங்கநாதனின் ஐந்து விதிகளை இன்று உலகமெங்கும் லைப்ரேரியன்கள் பயில்கிறார்கள். அவ்விதிகள் புத்தகமாக அச்சேறியது 1931-ல். அதற்கு முன்னரே, 1928-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில், சிதம்பரம் மீனாட்சி கல்லூரியில் நடந்த மாகாணக் கல்வி மாநாட்டில் அவர் அவற்றை முதன்முதலாகப் பகிரங்கமாக எடுத்துரைத்தார். அக்கல்லூரியே மறு வருஷம் அண்ணாமலை சர்வகலாசாலையாக மலர்ந்தது. கேட்டவர்கள் யார் என்பதே இதில் முக்கியம். லைப்ரேரியன்கள் அல்லர், பள்ளிக்கூட உபாத்தியாயர்கள்! பள்ளிக்கூடத்தில் புத்தகத்தைக் குழந்தையின் கையில் கொடுக்கப் போகிறவர் உபாத்தியாயரே என்பதை அவர் அன்றே கண்டுகொண்டார். அந்த வருஷமே தோன்றிய சென்னைப் புத்தகசாலைச் சங்கம், 1929-ல் புதியவர்களுக்காகக் கோடைகாலப் பயிற்சிப் பள்ளி ஒன்றையும் தொடங்கிவிட்டது. ஆக, சட்டம் வருவதற்கும், வரி வருவதற்கும், கட்டடம் வருவதற்கும் இருபது வருஷம் முன்னதாகவே ஆளைத் தயார் செய்யும் காரியம் ஆரம்பித்தது. அந்த வரிசைக்கிரமம் நமக்குச் சரியென்றே படுகிறது.

சட்டம் 1948-ல் வந்தது. சுதந்திர இந்தியாவில் ஒரு மாகாண சட்டசபை நிறைவேற்றிய முதல் புத்தகசாலைச் சட்டம் என்ற பெருமை சென்னைக்கு உண்டு. அதைக் கொண்டுவந்தவர் அப்போது கல்வி மந்திரியாயிருந்த தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார். ஜனங்கள் கட்டும் வீட்டு வரியின் மேல் ஒரு சிறு தொகை நூலக வரியாக விதிக்கப்பட்டு, ஜில்லாதோறும் நூலக ஆணைக்குழு ஏற்பட்டது. இன்று மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம் என்று அது பல கிளைகளாகப் படர்ந்திருக்கிறது. 1993-ல் தென்னாற்காடு ஜில்லா பிரிந்தபோது கடலூரும் தனக்கென ஒரு வரிசையைப் பெற்றது. இவையெல்லாம் நன்மையே. ஆனால் ஊர்ப்புற நூலகத்தில் பெரும்பாலும் ஒரே ஆள். பெருக்குவதும் அவர், பத்திரிகையை விரித்து வைப்பதும் அவர், சந்தா வாங்குவதும் அவர், புத்தகத்துக்கு எண் இடுவதும் அவர்.

எண் இடுவது அற்பக் காரியம் என்று வாசகர்கள் நினைக்க வேண்டாம். அமெரிக்கரான டூயி வகுத்த பதின்ம முறையில் ஆங்கில இலக்கியத்துக்கு 820 என்ற தாராளமான இடம் இருக்கிறது. இரண்டாயிரம் வருஷத்துத் தமிழிலக்கியம் முழுவதும் 894.811 என்ற மூலையில், 'இதர பாஷைகள்' கூட்டத்தில் நெருக்கித் தள்ளப்பட்டிருக்கிறது! அம்முறையைக் கையாளும் புத்தகசாலையில் தமிழ்ப் புத்தகங்களே பத்தில் ஒன்பது பங்கு இருக்குமானால், புதிய லைப்ரேரியன் அலமாரியை எப்படிப் பிரிப்பது? தமிழருக்கு ஐரோப்பியரைப்போல் குடும்பப் பெயர் கிடையாது; முன்னெழுத்து ஒன்று, புனைபெயர் மற்றொன்று. ஒரே ஆசிரியர் இரண்டு பெயரில் எழுதியதை எந்த எழுத்தின் கீழ்ப் பதிவது? இவற்றுக்கெல்லாம் வழி உண்டு. பதினைந்து வருஷம் அனுபவமுள்ள லைப்ரேரியன் ஒருவர் அரை மணியில் விளக்கிவிடுவார். அந்த அரை மணி கிடைக்காததால், புதியவர் தமக்குத் தோன்றியபடி ஒன்று செய்கிறார். அவருக்குப் பின் வருபவர் வேறொன்று செய்கிறார். புத்தகம் இருந்தும் வாசகன் கைக்குக் கிடைப்பதில்லை.

பள்ளிக்கூட உபாத்தியாயரின் சங்கடம் வேறு. அவரைப் பிடித்து ஆட்டுவது அறியாமையன்று, பயம். ஒரு புத்தகம் தொலைந்தால் ஆடிட்டில் கேள்வி வரும், கைப்பணத்திலிருந்து கட்ட வேண்டிவரும் என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். ஆகவே பீரோவைப் பூட்டிவிடுகிறார். குழந்தைகள் கண்ணாடிக்கு வெளியே நின்று அட்டையைப் பார்த்துவிட்டுப் போகின்றன. அவரைக் குறைகூறுவதில் பயனில்லை. மத்திய சர்க்காரின் பொது நிதி விதிகளில், ஆயிரம் புத்தகங்கள் வழங்கப்பட்டால் வருஷத்தில் ஐந்து தொலைவது நியாயமான இழப்பே என்று ஏற்கப்பட்டிருக்கிறது. ஏமாற்றோ அஜாக்கிரதையோ காரணமாக இருக்கக் கூடாது, விலை ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட புத்தகமும் அரிய புத்தகமும் தொலைந்தால் மட்டும் விசாரணை உண்டு. இது மத்திய ஸ்தாபனங்களுக்கான விதி. நம் பள்ளிக்கூடங்களுக்குப் பொருந்தும் விதி எதுவோ அதை ஒரு பக்கத்தில் தமிழில் அச்சிட்டு, பொறுப்பேற்கும் நாளிலேயே உபாத்தியாயர் கையில் கொடுத்துவிட்டால், பாதிப் பீரோக்கள் திறந்துவிடும் என்பது நமது அபிப்பிராயம்.

உபகரணங்களுக்குப் பஞ்சமில்லை. அண்ணாமலை சர்வகலாசாலை தபால் மூலமாகவே நூலகப் படிப்பைக் கற்பித்துப் பலரை இத்துறைக்குக் கொண்டுவந்திருக்கிறது. 1972-ல் ஏற்பட்ட ராஜா ராம்மோகன் ராய் நூலக ஸ்தாபனம் கல்கத்தாவிலிருந்து புத்தகங்களும் பொருளும் உதவுகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய தமிழ்ப் புத்தகங்களை எவரும் இலவசமாகப் படிக்கலாம். நியூஸிலாந்தின் ஒரு சிற்றூர்ப் புத்தகசாலைக்காக எழுதப்பட்ட 'கோஹா' என்ற கணினி நிரல் இன்று காசில்லாமல் உலகத்துக்கெல்லாம் கிடைக்கிறது. யுனெஸ்கோ 1949-ல் வெளியிட்டுக் கடைசியாக 2022-ல் புதுப்பித்த பொது நூலகப் பிரகடனமும் இருக்கிறது. இவ்வளவும் இருக்க, இவை இருக்கும் செய்தியை அந்த ஒற்றை ஆளின் காதில் போடுவதற்குத்தான் ஒரு மனிதர் வேண்டும்.

ஆகையால் நாம் கேட்பது பெரிய செலவன்று. புதிதாக நியமனம் பெறுபவர் சாவியை வாங்குமுன் ஒரு மாதம் கடலூர் மாவட்ட மைய நூலகத்தில் வேலை பழகட்டும். மாதம் ஒருமுறை, ஒரு மாதம் கடலூரிலும் மறு மாதம் சிதம்பரத்திலுமாக, புதிய லைப்ரேரியன்களும் பள்ளிக்கூடப் பொறுப்பாளர்களும் மூத்தவர்களோடு கூடிப் பேசட்டும், சர்வகலாசாலையின் சி. பி. இராமசுவாமி ஐயர் நூலகத்தார் அதற்கு வாசலைத் திறந்துவிட வேண்டும். அன்றைக்கு ஆகும் பஸ் செலவை ஆணைக்குழு ஏற்கட்டும். பணம் எங்கே என்று கேட்பார்கள். வசூலித்த நூலக வரியை உள்ளாட்சி ஸ்தாபனங்கள் ஆணைக்குழுவுக்குக் கட்டாமல் நிலுவை வைக்கும் செய்தி தமிழ்நாட்டுப் பத்திரிகைகளுக்குப் புதிதல்ல. நமது வாசகர்களில் நகரசபையிலும் ஊராட்சியிலும் செல்வாக்குள்ளவர்கள் அநேகர். தங்கள் ஊர் நிலுவை எவ்வளவு என்று அடுத்த கூட்டத்திலேயே அவர்கள் கேட்கலாம். வாசகர் வட்டம் இருக்கும் ஊர்களில் அதன் அங்கத்தினர்கள் புதிய லைப்ரேரியனை முதல் வாரத்திலேயே போய்ப் பார்ப்பதற்கு எந்த உத்தரவும் வேண்டியதில்லை.

முதல் கூட்டத்தில் பேசுவதற்கு விஷயம் தேடுகிறவர்களுக்கு ஒன்று சொல்வோம். ஐப்பசி, கார்த்திகை பிறந்தால் கெடிலமும் பெண்ணையாறும் கடலூருக்கு என்ன செய்யும் என்பதை 2015-ம் வருஷத்து வெள்ளம் காட்டிற்று. அதற்கு முன் 2011 டிசம்பரில் தானே புயல். நனைந்த புத்தகத்தில் இரண்டு நாளில் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். அதைச் சுள்ளென்ற வெயிலில் போட்டால் தாள் சுருண்டு அட்டை கோணிவிடும். நிழலில் நிறுத்திவைத்து, இதழ்களுக்கிடையே ஈரம் உறிஞ்சும் வெற்றுத் தாளை வைத்து, அது நனைய நனைய மாற்றி, மின்விசிறியை ஓடவிட வேண்டும். வழவழப்பான படத்தாள்களை முதலில் பிரிக்க வேண்டும். காய்ந்தபின் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் பிரிக்கவே முடியாது. கீழ்த்தட்டுப் புத்தகங்களை மேலே ஏற்றுவதற்குப் புரட்டாசியிலேயே ஆள் சொல்லிவைக்க வேண்டும்.