மென்பொருளின் கட்டமைப்பும் தரமும்

திறன்பேசியில் ஒரு செயலியைத் திறக்கிறோம், பொத்தானை அழுத்துகிறோம். பேருந்துச் சீட்டு கிடைக்கிறது. மருத்துவமனை முன்பதிவு உறுதியாகிறது. நாம் காண்பது திரையை மட்டுமே. அதற்குப் பின்னால் விவரங்களைச் சேமிக்கும் தரவுத்தளம், கோரிக்கைகளைப் பெற்று விடையளிக்கும் வழங்கிக் கணினிகள், பணம் செலுத்தும் பகுதி, குறுஞ்செய்தி அனுப்பும் பகுதி எனப் பல கூறுகள் இயங்குகின்றன.

எந்தக் கூறு எந்த வேலையைச் செய்ய வேண்டும்? ஒரு கூறு மற்றொன்றிடம் எதை, எந்த வடிவில் கேட்க வேண்டும்? ஒன்று பழுதானால் மற்றவை என்ன செய்ய வேண்டும்? இக்கேள்விகளுக்கு விடையாக எடுக்கப்படும் அடிப்படை முடிவுகளின் தொகுப்பே மென்பொருள் கட்டமைப்பு எனப்படும். வீடு கட்டி முடித்த பிறகு சுவரின் வண்ணத்தை மாற்றலாம். அடித்தளத்தை மாற்றுவது எளிதன்று. மென்பொருளும் அப்படித்தான். பொத்தானின் நிறத்தை ஒரே நாளில் மாற்றிவிடலாம். ஆனால், ஆயிரம் பேருக்காக அமைத்த கட்டமைப்பைப் பத்து இலட்சம் பேருக்கு ஏற்றதாக ஒரே நாளில் மாற்ற இயலாது.

தோட்டம் காட்டும் பாடம்

கட்டமைப்பு என்பது கணினிக்கு மட்டும் உரியதன்று. பேராக் மாநிலத்தில் ஈப்போவுக்கு வடக்கே செமோர் என்னும் சிறுநகர் உள்ளது. இவ்வட்டாரத்தில் ஒரு காலத்தில் இரப்பர்த் தோட்டங்கள் பல இருந்தன. அத்தோட்டங்களில் வேலை எவ்வாறு பகுக்கப்பட்டது என்பதைப் பார்ப்போம்.

வெயில் ஏறுவதற்கு முன்புதான் மரத்திலிருந்து பால் நன்றாக வடியும். ஆகவே, தொழிலாளர்கள் விடியற்காலையிலேயே மரம் வெட்டத் தொடங்கினர். ஒவ்வொருவருக்கும் குறிப்பிட்ட மரங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. மங்குகளில் சேர்ந்த பாலை வாளிகளில் ஊற்றிக் கொட்டகைக்குச் சுமந்து சென்றனர். அங்கே பாலை அளந்து, அவரவர் பெயரில் கணக்கு எழுதப்பட்டது. பின்னர்ப் பால் ஆலைக்குச் சென்றது. ஆலையில் அமிலம் கலந்து உறைய வைத்து, தகடுகளாக உருட்டி, புகையில் உலர்த்தினர்.

இந்த ஏற்பாட்டில் மூன்று செய்திகள் அடங்கியுள்ளன. முதலாவது, வேலைப் பகுப்பு. மரம் வெட்டுபவர் வேறு. கணக்கு எழுதுபவர் வேறு. ஆலையில் வேலை செய்பவர் வேறு. இரண்டாவது, கைமாறும் இடம். பால் எங்கே, எப்படி ஒப்படைக்கப்பட வேண்டும் என்பது தெளிவாக இருந்தது. ஆலையில் புதிய இயந்திரம் வந்தாலும் மரம் வெட்டுபவர் தம் வேலையை மாற்ற வேண்டியதில்லை. மூன்றாவது, தாங்கும் அளவு. பால் நீண்ட நேரம் கிடந்தால் கெட்டியாகிவிடும். ஆகவே, பரந்த தோட்டத்திற்கு ஒரே கொட்டகை போதாது. பல இடங்களில் கொட்டகைகள் தேவைப்படும்.

மென்பொருள் வல்லுநர்களும் இதே கேள்விகளையே எழுப்புகின்றனர். கைமாறும் இடத்தை அவர்கள் இடைமுகம் என்பர். ஒரு கூறு உள்ளே எப்படி வேலை செய்கிறது என்பது மற்றக் கூறுகளுக்குத் தெரிய வேண்டியதில்லை. இடைமுகம் மட்டும் தெரிந்தால் போதும். டேவிட் பார்னஸ் என்னும் கணினி அறிஞர் 1972-ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் இக்கருத்தை விளக்கினார். பின்னாளில் மாறக்கூடியது எது என்று முதலில் கண்டறிந்து, அதை ஒரே கூறுக்குள் மறைத்து வைக்க வேண்டும் என்பது அவர் காட்டிய வழி. அப்படிச் செய்தால், ஒரு மாற்றத்திற்காக முழு மென்பொருளையும் பிரித்துப் போட வேண்டிய நிலை வராது.

செயலும் தரமும்

ஒரு மென்பொருள் என்ன செய்கிறது என்பது அதன் செயல்பாடு. அதை எவ்வளவு நன்றாகச் செய்கிறது என்பது அதன் தரம். ‘முன்பதிவு செய்ய முடிய வேண்டும்’ என்பது செயல்பாடு. ‘ஒரே நேரத்தில் ஓர் இலட்சம் பேர் வந்தாலும் மூன்று நொடிக்குள் பக்கம் திறக்க வேண்டும்’ என்பது தரம்.

அனைத்துலகத் தர நிறுவனம் 2011-ஆம் ஆண்டு வெளியிட்ட 25010 எண்ணுள்ள தரநிலை, மென்பொருளின் தரப் பண்புகளை எட்டு வகையாகப் பிரித்தது. தேவைக்குப் பொருந்துதல், வேகமும் சிக்கனமும், பிற அமைப்புகளுடன் இணங்குதல், பயன்படுத்த எளிமை, நம்பகத்தன்மை, பாதுகாப்பு, பராமரிக்க எளிமை, வேறு சூழலுக்கு மாற்ற எளிமை என்பன அவை. 2023-ஆம் ஆண்டு இத்தரநிலை திருத்தப்பட்டபோது, உயிருக்கும் உடைமைக்கும் தீங்கு நேராமை என்னும் பண்பும் சேர்ந்து அவை ஒன்பதாயின.

இப்பண்புகளைக் கடைசியில் பூச்சுப் போலப் பூச முடியாது. இவற்றில் பெரும்பாலானவை கட்டமைப்பை வரையும் நாளிலேயே முடிவாகிவிடுகின்றன. நம் நாட்டு நிகழ்வு ஒன்று இதைத் தெளிவாகக் காட்டுகிறது.

2021: இரண்டு வழிகள்

கோவிட்-19 பெருந்தொற்றை எதிர்க்க மலேசியாவின் தேசியத் தடுப்பூசித் திட்டம் 2021 பிப்ரவரி 24-இல் தொடங்கியது. மைசெஜாத்திரா செயலி வழியாக மக்கள் தங்கள் பெயரைப் பதிவு செய்தனர். எந்த நாளில் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம். தடுப்பூசி போடும் நாளும் இடமும் பின்னர் ஒதுக்கப்படும்.

அதே ஆண்டு மே மாதத்தில் அஸ்ட்ராஸெனகா தடுப்பூசிக்கு மட்டும் வேறொரு வழி பின்பற்றப்பட்டது. தனி இணையத்தளத்தில், முந்தியவருக்கே முன்னுரிமை என்ற முறையில் இடங்கள் வழங்கப்பட்டன. மே 26-ஆம் நாள் நண்பகல் 12 மணிக்குக் கோலாலம்பூர், சிலாங்கூர், பினாங்கு, ஜொகூர் ஆகிய இடங்களுக்கான ஏறத்தாழ 10 இலட்சம் இடங்கள் திறந்துவிடப்பட்டன. ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் அவை நிரம்பிவிட்டன. ஆனால், அந்த ஒரு மணி நேரத்தில் பலருக்குப் பக்கம் சரியாகத் திறக்கவில்லை. மீண்டும் மீண்டும் முயன்றும் இடம் கிடைக்காமல் மக்கள் ஏமாற்றமடைந்தனர். பொறுப்பு அமைச்சர் கைரி ஜமாலுடின் மக்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 10 இலட்சம் பேர் ஒரு மணி நேரத்தில் பதிவு செய்தால், நொடிக்கு ஏறத்தாழ 278 பதிவுகள். இது வெற்றி பெற்றவர்களின் எண்ணிக்கை மட்டுமே. இடம் கிடைக்காதவர்களும், பக்கத்தை நொடிக்கு நொடி புதுப்பித்துக் கொண்டிருந்தவர்களும் இதில் சேரவில்லை. அதே 10 இலட்சம் பேர் 90 நாளில் தங்களுக்கு வசதியான நேரத்தில் பதிவு செய்திருந்தால், சராசரியாக எட்டு நொடிக்கு ஒருவரே வந்திருப்பார். சுமையைக் குறைத்தது விலை உயர்ந்த கணினி அன்று. சுமையைக் காலத்தில் பரப்பிய கட்டமைப்பே.

வேகத்துடன் நியாயமும் இதில் அடங்கியுள்ளது. முந்தியவருக்கே முன்னுரிமை என்ற முறையில், விரைவான இணையமும் புதிய திறன்பேசியும் உள்ளவர் எளிதில் முந்துவார். நண்பகலில் ஆலையில் வேலை செய்துகொண்டிருப்பவர் பின்தங்குவார். மறுபுறம், பின்னர் ஒதுக்கும் முறையிலும் குறை உண்டு. தம் முறை எப்போது வரும் என்று தெரியாமல் மக்கள் வாரக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. எந்தக் கட்டமைப்பும் எல்லாருக்கும் எல்லாவற்றையும் தருவதில்லை. எது முக்கியம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும்.

பழுதிலும் இயங்குதல்

இயந்திரம் என்றால் ஒரு நாள் பழுதாகும். பழுது ஏற்பட்டாலும் சேவை தொடர வேண்டும் என்பதே நம்பகத்தன்மையின் நோக்கம்.

2019 ஆகஸ்ட் 21-ஆம் நாள் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தின் கணினி வலையமைப்பில் பழுது ஏற்பட்டது. பயணிகளைப் பதியும் முகப்புகள், விமான நேரங்களைக் காட்டும் திரைகள், பயணப் பெட்டிகளைக் கையாளும் அமைப்பு முதலியன பாதிக்கப்பட்டன. பாதிப்புச் சில நாள்கள் நீடித்தது. தனித்தனிச் சேவைகளாகத் தோன்றியவை யாவும் ஒரே வலையமைப்பை நம்பியிருந்தன. அது சரிந்தபோது எல்லாம் சேர்ந்து தடுமாறின.

இத்தகைய ஆபத்தைத் தவிர்க்க, முக்கியமான கூறுகளுக்கு மாற்று ஏற்பாடு வேண்டும். ஒரு வழங்கி நின்றால் மற்றொன்று உடனே பொறுப்பேற்க வேண்டும். எல்லாமே நின்றுவிட்டாலும், குறைந்த அளவிலேனும் சேவை தொடர வழி இருக்க வேண்டும். விமான நிலைய ஊழியர்கள் அன்று வெண்பலகையில் விமான நேரங்களை எழுதி வைத்தனர். அந்த வெண்பலகையும் ஒரு மாற்று ஏற்பாடுதான்.

எவ்வளவு நம்பகமாக இருக்க வேண்டும் என்பதை எண்ணால் சொல்வது வழக்கம். ஓராண்டுக்கு 8,760 மணி நேரம். ஒரு சேவை 99 விழுக்காட்டு நேரம் இயங்கும் என்றால், ஆண்டில் மூன்றரை நாளுக்கு மேல் அது நின்றிருக்கலாம். 99.9 விழுக்காடு என்றால் எட்டே முக்கால் மணி நேரம். 99.99 விழுக்காடு என்றால் 53 நிமிடங்கள். பள்ளி நூலகச் செயலிக்கு முதல் அளவு போதும். அவசர மருத்துவ அழைப்புக்கு அது போதவே போதாது. விழுக்காடு உயர உயரச் செலவும் உயரும்.

ஒன்றைப் பெற்றால் ஒன்றை விட வேண்டும்

தரப் பண்புகள் சில வேளைகளில் ஒன்றோடொன்று முரண்படும். பாதுகாப்பையும் எளிமையையும் எடுத்துக்கொள்வோம். ஒரு முறை மட்டும் பயன்படும் கடவு எண்ணைக் குறுஞ்செய்தியில் அனுப்பினால் பாதுகாப்பு கூடும். ஆனால், அலைவரிசை எட்டாத தோட்டப்புறத்தில் இருப்பவருக்கு அந்த எண் வந்து சேராது. மறுபுறம், எல்லாரும் எளிதில் நுழையும்படி வாயிலைத் திறந்து வைத்தால் தீயவரும் நுழைவர். 2021 அக்டோபரில், மைசெஜாத்திராவின் ஒரு பதிவு வசதியைத் தீய நிரல்கள் தவறாகப் பயன்படுத்தியதால், கேட்காத கடவு எண்கள் பலருக்கு வந்தன. பயனர்களின் விவரங்கள் கசியவில்லை என்று அறிவிக்கப்பட்டாலும், மக்கள் அச்சமடைந்தனர்.

பயன்படுத்த எளிமை என்னும் பண்பு, யாருக்கு எளிமை என்ற கேள்வியையும் எழுப்புகிறது. செமோர் போன்ற ஊரில் திறன்பேசி இல்லாத பாட்டி ஒருவர் இருப்பார். அவரை நினைத்துப் பார்க்காமல் வரைந்த கட்டமைப்பு, எவ்வளவு வேகமாக இயங்கினாலும் தரமானதன்று. தடுப்பூசித் திட்டத்தில் குடும்பத்தினர் தங்களைச் சார்ந்திருப்பவரின் பெயரைத் தங்கள் செயலியிலேயே பதியும் வசதி இருந்தது. மருத்துவ நிலையத்திற்கு நேரில் சென்று பதியவும் முடிந்தது. கடைகளில் செயலி இல்லாதவர்கள் பெயர் எழுத ஒரு குறிப்பேடும் வைக்கப்பட்டிருந்தது. செயலிக்கு வெளியே இருந்த இந்த வழிகளும் அமைப்பின் பகுதிகளே.

கேட்க வேண்டிய கேள்விகள்

ஒரு பள்ளி, சிற்றுண்டிச்சாலைக்காகச் செயலி ஒன்றை உருவாக்க விரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். நிரல் எழுதுவதற்கு முன் சில கேள்விகளுக்கு விடை காண வேண்டும். ஓய்வு நேர மணி அடித்ததும் எத்தனை மாணவர்கள் ஒரே நேரத்தில் உணவு கேட்பர்? முதல் நாளே கேட்டு வைக்க வழி செய்தால் அந்த நெரிசல் குறையுமா? இணையம் நின்றுவிட்டால் உணவு எப்படி வழங்கப்படும்? விலை மாறினால் எத்தனை இடங்களில் திருத்த வேண்டும்? மாணவர்களின் விவரங்களை யார் பார்க்கலாம்? திறன்பேசி இல்லாத மாணவர் பசியோடு நிற்க வேண்டுமா?

‘செயலி வேகமாக இருக்க வேண்டும்’ என்று மட்டும் எழுதி வைத்தால், அதை எவராலும் சோதிக்க முடியாது. ‘300 மாணவர்கள் ஐந்து நிமிடத்திற்குள் கேட்டாலும் ஒவ்வொருவருக்கும் இரண்டு நொடிக்குள் விடை வர வேண்டும்’ என்று எழுதினால் சோதிக்கலாம். தேவையை அளந்து சொல்வதே தரத்தின் முதல் படி. எத்தனை பேர், எந்த நேரத்தில், எத்தகைய சூழலில் பயன்படுத்துவர் என்று தெரிந்த பிறகே கட்டமைப்பை வரைய வேண்டும். வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்று நம் முன்னோர் சொன்னது மென்பொருளுக்கும் பொருந்தும்.