பட்டதாரிகளும் உயர்நிலை ஜப்பானிய மொழிக் கல்வியும்

ஜப்பான் செல்ல விரும்பும் நம் நாட்டு இளைஞர்களின் தொகை அண்மைக் காலமாகப் பெருகி வருகின்றது. 2019 ஆம் ஆண்டு ஏப்ரலில் ஜப்பான் அறிமுகப்படுத்திய விசேட திறன் தொழிலாளர் திட்டத்தில் அதே ஆண்டு ஜூனில் இலங்கையும் இணைந்து கொண்டது. இத்திட்டத்திற்கு என்4 எனும் தொடக்கநிலைத் தகைமை போதுமானது. ஆனால் பட்டதாரி ஒருவர் தாம் கற்ற துறையிலேயே அங்கு உயர்கல்வி பெறவோ பணியாற்றவோ விரும்பினால், இந்த அளவு மொழியறிவு அவரை வாசலில் நிறுத்திவிடும்.

ஜப்பானிய மொழித் தேர்ச்சிப் பரீட்சை 2010 முதல் ஐந்து நிலைகளில் நடைபெறுகின்றது. என்5 மிகத் தாழ்ந்தது. என்1 மிக உயர்ந்தது. என்1 சித்திக்கு 180 புள்ளிகளில் 100 புள்ளிகளாவது பெறவேண்டும். ஜப்பானின் உயர்திறன் வாய்ந்தோருக்கான குடிவரவு முறையில் 70 புள்ளிகள் தேவைப்படுகின்றன. அவற்றுள் என்1 சித்திக்கு 15 புள்ளிகளும் என்2 சித்திக்கு 10 புள்ளிகளும் கிடைக்கும். மொழியறிவின் பெறுமதியை இது நன்கு உணர்த்தும்.

உயர்நிலைக் கல்வி என்பது வெறுமனே கூடுதலான சொற்களை மனனம் செய்வதன்று. முதலாவது சவால் 'கஞ்சி' எனப்படும் சீன வழி எழுத்துகளாகும். பொதுப் பயன்பாட்டிற்கென அரசு வகுத்த பட்டியலில் மாத்திரம் 2136 எழுத்துகள் உள்ளன. ஒரே எழுத்து இடத்திற்கேற்ப வேறுவேறாக ஒலிக்கும். ஆசிரியரைக் குறிக்கும் 'சென்செய்' என்ற சொல்லில் 'செய்' என ஒலிக்கும் எழுத்து, வாழ்நாளைக் குறிக்கும் 'இஷ்ஷோ' என்ற சொல்லில் 'ஷோ' என ஒலிக்கின்றது. இரண்டாவது சவால் மரியாதை வழக்கு. செல்லுதலைக் குறிக்கும் 'இகு' என்ற வினை, பெரியவர் செல்லும்போது 'இரஷ்ஷாரு' எனவும், தம்மைத் தாழ்த்திக் கூறும்போது 'மைரு' எனவும் மாறும்.

இவ்விடத்தில் தமிழ் பேசும் மாணவருக்கு ஒரு வாய்ப்பு உண்டு. 'நான் புத்தகத்தை வாசிக்கிறேன்' என்ற வாக்கியத்தின் சொல்லொழுங்கு ஜப்பானிய மொழியிலும் மாறுவதில்லை. வினை இறுதியில் வரும். வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் நிற்கும். இவ்வொற்றுமைகளை ஆராய்ந்த ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ, பேராசிரியர் அ. சண்முகதாஸ், கலாநிதி மனோன்மணி சண்முகதாஸ் ஆகிய ஈழத்து அறிஞர்களுடன் இணைந்து பணியாற்றினார். இரு மொழிகளும் உறவுடையவை என்ற அவரது கொள்கையை மொழியியலாளர் பலர் ஏற்கவில்லை. எனினும் கற்பவருக்கு அமைப்பொற்றுமை தரும் பயனை எவரும் மறுக்கவியலாது.

பட்டதாரிகளுக்கான உயர்நிலைப் பயிற்சி எவ்வாறு அமைய வேண்டும் என்பதற்கு யொக்கோஹாமாவில் இயங்கும் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான ஜப்பானிய மொழிக் கற்கை நிலையம் சிறந்த உதாரணம். 1961 இல் டோக்கியோவில் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தால் தொடங்கப்பட்ட இந்நிலையம் 1987 இல் யொக்கோஹாமாவுக்கு மாறியது. அங்கு பத்து மாதங்கள் தீவிர பயிற்சி அளிக்கப்படுகின்றது. ஏற்கனவே மொழியைக் கற்றவர்கள், தத்தமது துறை சார்ந்த ஆக்கங்களை ஜப்பானிய மொழியிலேயே வாசித்து, அதே மொழியில் உரையாற்றவும் பழகுகின்றனர். தேர்ச்சிப் பரீட்சையோ பேச்சையும் எழுத்தாக்கத்தையும் சோதிப்பதில்லை. ஆதலால் என்1 சான்றிதழ் பெற்றும் கருத்தரங்கில் வாய் திறக்க முடியாதோர் இருக்கலாம் என்பதைக் கற்போர் மறத்தலாகாது.

ஜப்பானியக் கல்வி அமைச்சு வழங்கும் ஆய்வு மாணவர் புலமைப்பரிசில் நம் நாட்டுப் பட்டதாரிகளுக்கும் உரியது. களனிப் பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய மொழி கற்பிக்கப்படுகின்றது, க.பொ.த. உயர்தரத்திலும் அது ஒரு பாடமாகும். ஆயினும் தமிழ்மொழி வாயிலாக இம்மொழியை உயர்நிலையில் விளக்கும் நூல்கள் அரிதாகவே உள்ளன. ஆங்கிலத்தின் ஊடாகச் சுற்றிவந்து கற்பதால், நம் தாய்மொழி தரும் இயல்பான அனுகூலத்தைத் தமிழ், முஸ்லிம் மாணவர்கள் இழந்துவிடுகின்றனர். வடக்கு, கிழக்கு, மலையகப் பல்கலைக்கழகச் சமூகத்தினர் இக்குறையைப் போக்க முன்வருவார்களாயின், தொழிலாளராக மட்டுமன்றி ஆய்வாளராகவும் ஜப்பானிய மண்ணில் நம் இளைஞர் கால்பதிக்கலாம்.