கடுகளவு செம்பில் ஓர் ஆண்டெனா

காரின் முன் பம்பருக்குப் பின்னால் இருக்கும் ரேடார் பெட்டியைத் திறந்தால் கம்பியோ குடையோ தென்படாது. மின்சுற்றுப் பலகையின் மேல் கடுகளவுச் செப்புச் சதுரங்கள் மெல்லிய கோட்டில் மணிகோத்தாற்போல் நிற்கும். இவைதான் மைக்ரோஸ்ட்ரிப் ஆண்டெனாக்கள். அடியில் முழுச் செப்புப் பரப்பு, நடுவே மின்காப்புப் பொருள், மேலே செப்புத் துண்டு: அமைப்பு இவ்வளவே. 1953இல் டெஷாம்ப்ஸ் முன்வைத்த இந்த எண்ணத்தை 1970களில் மன்சனும் ஹோவெல்லும் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள்.

துண்டின் நீளம், பலகைக்குள் ஓடும் அலையின் நீளத்தில் ஏறத்தாழப் பாதி. அலை வெளியேறுவது செம்பின் நடுவிலிருந்து அல்ல. எதிரெதிரான இரண்டு ஓரங்களில் பிதுங்கி நிற்கும் மின்புலத்திலிருந்து.

கார் ரேடாரின் அலைவரிசை 76 முதல் 81 கிகாஹெர்ட்ஸ். 77இல் காற்றில் அலைநீளம் 3.9 மில்லிமீட்டர், பலகையில் அது இன்னும் சுருங்குவதால் துண்டின் நீளம் சுமார் 1.1 மில்லிமீட்டர்தான். செம்பை அரித்து வடிவமைக்கும்போது 0.05 மில்லிமீட்டர் பிசகினாலே ஒத்ததிர்வு 3 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் நகர்ந்துவிடும். வைஃபை ஆண்டெனாவில் இதே பிசகு கணக்கிலேயே வராது.

செம்பும் அச்சும் மலிவு. பணத்தை விழுங்குவது பலகை. சாதாரண எஃப்ஆர்-4 பலகையில் 77 கிகாஹெர்ட்ஸ் அலை ஒரு சென்டிமீட்டர் ஓடுவதற்குள் திறனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெப்பமாகிவிடும். டெஃப்லான் வகைப் பலகையில் இழப்பு மிகக் குறைவு, விலையோ பல மடங்கு. ஆகவே ஆண்டெனா இருக்கும் மேலடுக்குக்கு மட்டும் விலையுயர்ந்த பொருள், கீழடுக்குகளுக்கு எஃப்ஆர்-4 என்று ஒட்டுவது வழக்கம். செம்பின் அடிப்பரப்பும் வழவழப்பாக இருக்க வேண்டும். இந்த அதிர்வெண்ணில் மின்னோட்டம் கால் மைக்ரோமீட்டர் ஆழத்திலேயே ஓடுகிறது. சொரசொரப்பு அதைவிடப் பெரிதானால் இழப்பு கூடும்.

ஒற்றைத் துண்டின் வீச்சு போதாது. பலவற்றை ஒரே ஊட்டுக்கோட்டில் தொடராக இணைத்தால் கோடு குறுகும், துளையிடும் வேலையும் மிச்சம். அதிர்வெண் மாறும்போது கற்றை சற்றுச் சாய்வது இதன் குறை. ஊட்டத்தை நடுவிலிருந்து கொடுத்து அதைச் சமாளிக்கிறார்கள்.

ஒவ்வொரு ஆலைக்கும் அரிப்பில் ஒரு வாடிக்கையான பிசகு உண்டு. அதனால் முதல் பலகையில் 1.06, 1.08, 1.10 மில்லிமீட்டர் என அடுத்தடுத்த நீளங்களை அச்சிட்டு, அளந்து பார்த்து, அலைவரிசைக்குள் விழும் அளவையே உற்பத்திக்கு அனுப்புவார்கள்.