கதவைச் சாத்திவிட்டுப் போகும் கதைகள்



"காதல் நாவல் படிக்கிற பெண்களுக்கு அடுப்பில் பால் பொங்குவதுகூடத் தெரிவதில்லை" என்று ஒரு வாசக அன்பர் இந்தப் பகுதியில் அங்கலாய்த்திருந்தார். படித்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. பேப்பரில் மூழ்கிக் கிடந்து பாலைப் பொங்கவிட்ட ஆண்களையும் நான் பார்த்திருக்கிறேன். அதனால் யாரும் பேப்பரைத் தடை செய்யச் சொல்லவில்லையே! அவர் கேட்ட கேள்விக்கு எங்கள் ஊரிலிருந்து ஒரு பதில் எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்து முப்பது வருஷம் ஆகப் போகிறது. தறி வீடு. கூடத்தில் பாதியைத் தறியே அடைத்துக்கொண்டிருக்கும். வீட்டுக்காரர் குழியில் கால் வைத்துத் தறியில் உட்கார்ந்தால், தார் சுற்றித் தருவது, இழை அறுந்தால் முடிவது, கோர்வைப் புடவை என்றால் கரைக்குத் துணையாக உட்காருவது எல்லாம் வீட்டுப் பெண்கள் வேலை. கூலிக் கணக்கில் எங்கள் பெயர் வராது. கை வேலை செய்யும், காது தறிச் சத்தம் கேட்கும், மனசு மட்டும் சும்மா இருக்கும். அந்தச் சும்மா இருக்கிற மனசுக்குத்தான் நாவல்.

1969ல் தொடங்கிய ராணிமுத்து, பிறகு வந்த மாலைமதி, கண்மணி என்று மாத நாவல்கள் எங்கள் தெருவில் கை மாறிக்கொண்டே இருந்தன. ஒருத்தி வாங்கினால் பத்து வீடு படிக்கும். திரும்பி வரும்போது அட்டை இருக்காது, சமயத்தில் கடைசிப் பக்கமும் இருக்காது! லட்சுமி, அனுராதா ரமணன், சிவசங்கரி, இந்துமதி என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கூட்டம் உண்டு. ஆனால் 'காதல் கதை' என்று சொன்னாலே நினைவுக்கு வருகிறவர் ரமணிசந்திரன்தான். 1970களிலிருந்து எழுதி, நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நாவல்கள் தந்தவர். 2008ல் சென்னை பிளாஃப்ட் பதிப்பகம் தமிழ் ஜனரஞ்சகக் கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்தபோது, துப்பறியும் கதைகளுக்கு நடுவே அவர் கதையையும் சேர்த்தார்கள்.

அவர் நாவல்களில் என்ன இருக்கிறது? மானமும் ரோஷமும் உள்ள ஒரு பெண். பணக்கார, உயரமான, கொஞ்சம் கோபக்கார ஒரு ஆண். நடுவில் ஒரு தப்பபிப்பிராயம். அதை ஊதிப் பெரிதாக்க ஒரு சொந்தக்காரி. முடிவில் எல்லாம் தெளிந்து இருவரும் சேருவார்கள். இது முதல் பக்கத்திலேயே நமக்குத் தெரியும். தெரிந்தும் படிக்கிறோம். கல்யாணத்தில் தாலி கட்டுவார்கள் என்று தெரிந்துதானே முகூர்த்தத்துக்குப் போகிறோம்? அந்த மாதிரிதான்.

இன்னொன்றும் உண்டு. அவர் கதையில் இருவரும் நெருங்குகிற இடம் வந்தால் ஒரு பார்வை, ஒரு வெட்கம், அதோடு அத்தியாயம் முடிந்துவிடும். அடுத்த அத்தியாயத்தில் பொழுது விடிந்திருக்கும்.

கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்கிற என் மகள் சொல்லித்தான் இதற்கு வெளிநாட்டில் ஒரு பெயரே இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். 'கதவு சாத்திய கதை' என்கிறார்களாம். 'இனிப்புக் கதை' என்றும் சொல்வார்களாம். இப்போது அமெரிக்காவிலும் கனடாவிலும் ஹாக்கி வீரனை நாயகனாக வைத்து எழுதும் காதல் நாவல்களுக்கு நல்ல கிராக்கி. அதில் பச்சையாக எழுதுவதும் உண்டு, கதவைச் சாத்திவிடுவதும் உண்டு. சாத்திய கதைதான் வேண்டும் என்று தேடிப் படிக்கிற பெண்களும் இருக்கிறார்கள் என்றாள்.

"ஹாக்கின்னா நம்ம கோவில்பட்டிதானேடி? அதுல என்ன காதல்?" என்றேன்.

"அது தரையில ஆடறதும்மா. இது பனிக்கட்டி மேல சறுக்கிக்கிட்டே ஆடறது. பந்து கிடையாது, ரப்பர் வட்டு. இடிச்சுத் தள்ளுவாங்க, சண்டை வரும், பல்லு உடையும். அப்படிப்பட்ட முரடன், அவகிட்ட வந்ததும் அப்படியே அடங்கிப் போயிடுவான்."

வெளியே முரடன், உள்ளே வெண்ணெய். அட, இவனை எனக்குத் தெரியுமே! நம் நாவல்களில் எஸ்டேட் முதலாளியாகவும் மில் முதலாளியாகவும் வருகிறவன் இவன்தானே. அங்கே கையில் ஹாக்கி மட்டை, இங்கே கார் சாவி, அவ்வளவுதான் வித்தியாசம். ஊரே பார்த்துப் பயப்படுகிற ஒருவன், தன் பெண்டாட்டியிடம் மட்டும் குரலைத் தாழ்த்திப் பேசுகிறான். பெண்கள் ஆசைப்படுவது அந்தத் தாழ்ந்த குரலுக்குத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. காரும் பங்களாவும் அப்புறம்தான்.

லண்டனில் 1908ல் மில்ஸ், பூன் என்ற இருவர் தொடங்கிய பதிப்பகம், 1930களில் காதல் நாவல்களே கதி என்று ஆகிவிட்டது. அந்தக் காலத்தில் அங்கேயும் பெண்கள் காசு கொடுத்து வாங்கவில்லை, வாடகை நூலகத்தில் எடுத்துத்தான் படித்தார்களாம். 1971ல் கனடாவின் ஹார்லெக்வின் கம்பெனி அதை வாங்கியது. ஆக, அந்த ஊர்ப் பெண்களுக்கும் நமக்கும் இந்த விஷயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

1984ல் ஜானிஸ் ராட்வே என்ற அமெரிக்கப் பேராசிரியை, ஒரு ஊரில் காதல் நாவல் படிக்கும் இல்லத்தரசிகளிடம் பேசி ஒரு புத்தகமே எழுதினாராம். ஏன் படிக்கிறீர்கள் என்று கேட்டதற்கு அந்தப் பெண்கள் கதையைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. புத்தகத்தைக் கையில் எடுத்தால் அந்த நேரம் என்னுடையது, வீட்டில் இருக்கிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான் என்றார்களாம். மகள் இதைச் சொன்னபோது நான் தார் சுற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டேன். நாள் முழுக்க எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டே இருக்கிறவளை, கதையிலாவது ஒருவன் "சாப்பிட்டாயா?" என்று கேட்கிறான்.

சகோதரிகளே, எங்கள் தொழிலையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நாங்கள் நெய்வதே ஊரார் வீட்டுக் கல்யாணப் புடவை. அரக்கும் மாம்பழ மஞ்சளுமாக ஒவ்வொரு பாவும் யாரோ ஒரு பெண்ணின் முகூர்த்தம். புடவையை அறுத்து எடுத்த அன்றைக்கே அது வீட்டை விட்டுப் போய்விடும். மகளுக்குப் பட்டுப் புடவை தருவதாகச் சொன்ன நெசவாளியின் கதையை பிரியதர்ஷன் 'காஞ்சிவரம்' என்று படமாக எடுத்தார். தேசிய விருது வாங்கிய படம். எங்கள் தெருவில் அதை முழுசாகப் பார்க்க முடியாமல் எழுந்து போனவர்கள் உண்டு. அடுத்தவர் கல்யாணத்துக்கு நெய்கிற கை, ராத்திரி ஒரு மணி நேரம் தனக்கென்று ஒரு கல்யாணக் கதை படித்தால் அது குற்றமா?

கதவு சாத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். "இந்தக் காலத்தில் இதெல்லாம் பத்தாம்பசலித்தனம்" என்று கேலி செய்பவர்கள் உண்டு. எங்கள் வீடுகளை அவர்கள் பார்த்ததில்லை. தறிக்கு ஒரு பக்கம் மாமியார், மறுபக்கம் பிள்ளைகள், தாழ்வாரத்தில் கொழுந்தனார். இங்கே சாத்துவதற்குக் கதவு எங்கே இருக்கிறது? புதுசாகக் கல்யாணமான ஜோடி சத்தமாகச் சிரிக்கக்கூட யோசிக்கும். அப்படி வாழ்ந்தவளுக்குத்தான் கதையில் கதவு சாத்தப்படுகிற அருமை தெரியும். ரகசியம் என்று ஒன்று இருக்கலாம், அது ரெண்டு பேருக்கு மட்டும் சொந்தம் என்பதே எங்களுக்குப் பெரிய ஆடம்பரம்.

கோயில் ஊர்க்காரிக்கு இது புரியாத விஷயமும் இல்லை. சிவன் கோயில்களில் அர்த்தஜாமம் முடிந்ததும் சுவாமியைப் பள்ளியறைக்கு எழுந்தருளச் செய்து, பாடி, தீபம் காட்டி, கதவைச் சாத்துவார்கள். நாம் பால் பிரசாதத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறோம். எங்கள் ஏகாம்பரநாதர் கோயில் தலபுராணமே ஒரு காதல் கதைதான். மாமரத்தடியில் அம்பாள் மணலில் லிங்கம் பிடித்துப் பூஜை செய்கிறாள். கம்பா நதியில் வெள்ளம் வருகிறது. பயந்துபோய் லிங்கத்தை அப்படியே கட்டிக்கொள்கிறாள். அவள் தழுவியதில் சுவாமி குழைந்தார் என்பதால் 'தழுவக் குழைந்தார்' என்றே பெயர். பங்குனி உத்திரத்தில் திருக்கல்யாணம். இந்த ஊரில் பிறந்தவளிடம் போய்க் காதல் கதை படிக்காதே என்றால் எப்படி?

இந்த மாதிரிக் கதைகளில் இன்னொரு சௌகரியம், வாய்விட்டுப் படிக்கலாம். என் மாமியாருக்கு எழுத்துக் கூட்டிக்கூட வராது. நான் படிப்பேன், அவர் ராட்டையைச் சுற்றிக்கொண்டே கேட்பார். கூச்சப்பட்டுப் பக்கம் தாண்ட வேண்டிய அவசியமே வராது. ஒரு நாள் நாயகன் தன் மனைவியைச் சந்தேகப்பட்டுப் பேசிவிட்டான். மாமியார் ராட்டையை நிறுத்திவிட்டார்.

"ஏம்மா, அவன் அப்புறம் மன்னிப்புக் கேட்டானா?"

"கேட்டான் அத்தை, கடைசியில."

"கடைசியிலயா? அதுவரைக்கும் இவ என்ன பண்ணா?"

"அழுதா அத்தை."

"போடி! நானா இருந்தா அன்னிக்கே கேட்டிருப்பேன்."

எழுதப் படிக்கத் தெரியாத என் மாமியார் செய்த விமரிசனம் இது. இதற்கு மேல் ஒரு விமரிசகர் என்ன சொல்லிவிட முடியும்?

சொல்லக் கேட்பதும், கேட்டு எழுதுவதும் நம் பெண்களுக்குப் புதிதும் அல்ல. எங்கள் பக்கத்து நீர்வளூரைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில் 1901ல் பிறந்தவர் வை.மு. கோதைநாயகி. ஐந்தரை வயதில் கல்யாணம். ஆரம்பத்தில் அவருக்கு எழுத வராமல், கதையை அவர் சொல்லச் சொல்லத் தோழி எழுதினாராம். அந்தப் பெண்தான் 115 நாவல்கள் படைத்து, 1925லிருந்து 'ஜகன்மோகினி' பத்திரிகையை நடத்தி, சுதந்திரப் போராட்டத்தில் ஜெயிலுக்கும் போனார். 'லட்சுமி' என்ற பெயரில் எழுதிய திரிபுரசுந்தரியோ ஒரு டாக்டர். 1984ல் 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்கு சாகித்ய அகாடமி பரிசு பெற்றவர். பெண்கள் படிக்கிற கதை என்றால் மட்டம் என்று சொல்பவர்கள் இவர்களையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு பரிந்து பேசினாலும், மாமியார் கேட்ட கேள்வி நியாயமானது. அதற்கு நாம் பதில் சொல்லியாக வேண்டும்.

எங்கள் உறவில் ஒரு பெண். நாவல் என்றால் உயிர். கட்டிக்கொண்டவன் சந்தேகப் பிராணி. அடுத்த வீட்டுப் பையனிடம் பேசினாலே அடி. "இவருக்கு என் மேல அவ்வளவு ஆசை, அதான் இவ்வளவு கோபம்" என்று மூன்று வருஷம் பொறுத்துக்கொண்டிருந்தாள். கடைசி அத்தியாயத்தில் மனசு மாறுகிற நாயகன் மாதிரி இவனும் மாறுவான் என்று காத்திருந்தாள். கதையில் நூறு பக்கம் தாண்டினால் அவன் மாறித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் புத்தகம் முடியப் போகிறது. வாழ்க்கையில் அப்படி ஒரு கட்டாயம் யாருக்கு இருக்கிறது? அவன் மாறவில்லை. கைக்குழந்தையோடு அம்மா வீட்டுக்கு வந்து, இப்போது தார் சுற்றிப் பிழைக்கிறாள்.

இதற்கு நாவல்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். நாவலே படிக்காத எத்தனையோ பெண்களும் அடி வாங்கிக்கொண்டு பொறுத்துத்தான் போகிறார்கள். "ஆம்பளைன்னா அப்படித்தான், நீதான் அனுசரிச்சுப் போகணும்" என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது புத்தகம் இல்லை, நாம்தான். ஆனால் முரட்டுத்தனத்தைக் காதலின் அடையாளமாகக் காட்டுகிற பக்கம் வரும்போது, பக்கத்தில் இருக்கிற மகளிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியது நம் கடமை. கதையில் அவன் கையை இறுக்கிப் பிடித்தால் அது கதை. நிஜத்தில் ஒருவன் கையை முறுக்கினால் 2005ல் வந்த குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது. 181க்கு போன் செய்தால் உதவி கிடைக்கும். ரெண்டும் அவளுக்குத் தெரிந்திருக்கட்டும்.

அதே உறவுக்காரப் பெண் இன்னும் நாவல் படிக்கிறாள், தெரியுமா? "இப்பவும் எதுக்குடி?" என்று கேட்டேன். "ஒருத்தன் நல்லவனா இருந்தா எப்படி இருப்பான்னு மறந்துடக் கூடாது இல்ல அக்கா" என்றாள். எனக்குப் பேச்சு வரவில்லை.

ஆகவே, வாசக அன்பருக்கு என் வேண்டுகோள் இதுதான். உங்கள் வீட்டம்மா புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தால் பிடுங்காதீர்கள். அடுப்பில் பால் இருந்தால் நீங்களே எழுந்து போய் இறக்கி வையுங்கள். முடிந்தால் அந்த நாவலை நீங்களும் ஒரு தடவை படித்துப் பாருங்கள். அதில் வருகிறவன் எந்த இடத்தில் குரலைத் தாழ்த்துகிறான் என்று கவனியுங்கள்.

சகோதரிகளுக்கும் ஒன்று. நாவலைத் தலையணைக்கு அடியிலும் அரிசி டின்னுக்குப் பின்னாலும் ஒளித்து வைக்க வேண்டாம். நடுக்கூடத்தில் வைத்துப் படியுங்கள். படிக்கத் தெரியாத மாமியாரோ, பாட்டியோ இருந்தால் உரக்கப் படியுங்கள். அவர்கள் நடுநடுவே கேட்கிற கேள்வியை உங்கள் பெண்களும் கேட்கட்டும்.

உங்கள் தெருவில் கை மாறிக் கை மாறி அட்டை கிழிந்துபோன நாவல் எது? எழுதுங்களேன், தெரிந்துகொள்ள ஆசை.

- பிள்ளையார்பாளையம் வாசகி, காஞ்சிபுரம்.