அடைப்புக்குறி எங்கே போச்சு? எக்ஸ்எஸ்எல்டியில் சுற்றும் விதியும்

சில கல்வெட்டுப் பாடங்களை எபிடாக் முறையில் எக்ஸ்எம்எல்லாகத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். கல்லில் சிதைந்துபோய், படித்தவர் ஊகித்து நிரப்பிய எழுத்துகளை அதில் 'சப்ளைடு' என்ற டேக்குக்குள் போட வேண்டும். அச்சில் அது சதுர அடைப்புக்குறிக்குள் வரும். கல்லில் 'ராஜ' மட்டும் தெரிந்து, அடுத்த எழுத்துகள் போயிருந்தால் 'ராஜ[ராஜ] தேவர்'.

நண்பருக்கு நான் அனுப்பிய பக்கத்தில் 'ராஜராஜ தேவர்' என்றே வந்திருந்தது. "கல்லுல இவ்ளோ தெளிவா இருக்கா?" என்று கேட்டார். இல்லை. அது ராஜமகேந்திரனாகவும் இருக்கலாம். ஊகத்தைச் சான்றாக்கிக் கொடுத்துவிட்டேன்.

தப்பு எங்கே? ஜாவா எழுதிப் பழகிய கை. ஒவ்வொரு பத்தியையும் ஃபார்-ஈச்சில் சுற்றி, உள்ளே வேல்யூ-ஆஃப் போட்டிருந்தேன். அது டேக்கையெல்லாம் உரித்துப்போட்டு எழுத்தை மட்டும் தரும். சப்ளைடுக்குத் தனியாக இன்னொரு ஃபார்-ஈச் போட்டுப் பார்த்தேன். அடைப்புக்குறி வந்தது, ஆனால் பத்தியின் கடைசியில் போய் ஒட்டிக்கொண்டது. எழுத்தும் டேக்கும் கலந்து வரும் இடத்தில், எதற்குப் பிறகு எது, எதற்குள் எது என்பதைச் சுற்று எழுதுகிறவரே முன்கூட்டி யோசித்தாக வேண்டும்.

டெம்ப்ளேட் முறை இதற்குத் தலைகீழ். 1999-ல் வந்த எக்ஸ்எஸ்எல்டி 1.0-இன் அடிப்படையே அதுதான். 'சப்ளைடைப் பார்த்தால் [ போடு, உள்ளே இருப்பதை அப்ளை-டெம்ப்ளேட்ஸிடம் விடு, ] போடு' என்று ஒரே விதி. எந்தப் பத்தியில், எத்தனை அடுக்கு உள்ளே வந்தாலும் அதுவே செல்லும். ஆவணத்தின் வரிசையும் கலையாது.

ஆனா இதிலும் ஒரு குழி இருக்கு. விதி எழுதாத டேக் வந்தால், உள்ளமைந்த விதி எழுத்தை மட்டும் அப்படியே கொட்டிவிடும். சப்ளைடு விதியை மறந்தால் பழைய தப்பே சத்தமில்லாமல் திரும்பும். அதனால் நட்சத்திரக் குறிக்கு ஒரு விதி எழுதினேன்: டேக்கின் பெயரை மெசேஜ் மூலம் எச்சரித்துவிட்டு உள்ளே தொடர். பெயர் சொன்ன விதியின் முன்னுரிமை 0, நட்சத்திரத்துக்கு -0.5. ஆகவே மற்ற விதிகளை இது மறைக்காது.

அப்போ ஃபார்-ஈச் வேண்டவே வேண்டாமா? ஊர், ஆண்டு, கல்வெட்டு எண் என்று அட்டவணை போட இன்றும் அதைத்தான் எழுதுகிறேன். அங்கே எது எங்கே வரும் என்று எனக்குத் தெரியும்.

நட்சத்திர விதியை ஓட்டியதும் முதலில் எட்டிப் பார்த்தது 'அன்கிளியர்' டேக். ஐயத்துக்குரிய எழுத்தின் கீழ் புள்ளி வைக்கணும். இத்தனை நாளும் அதையும் விட்டிருக்கிறேன்.