ஜெர்கினின் உள்பக்கம்

பழைய விமானி ஜெர்கின் ஒன்றைக் கையில் கொடுத்தால், விவரம் தெரிந்தவர் அதைப் போட்டுப் பார்க்க மாட்டார். உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, கழுத்துக்குக் கீழே தைத்திருக்கும் லேபிளைத் தேடுவார். நெஞ்சில் விண்வெளி வீரர் ஒருவரின் பெயரே பொறித்திருந்தாலும், அவர் அந்தப் பக்கம் வருவது கடைசியில்தான். பெயரை யார் வேண்டுமானாலும் தைத்துவிடலாம்.

ஜெர்கின் என்றே சொல்கிறேன். ஜாக்கெட் என்றால் நம் ஊரில் அது புடவையோடு போடுவது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இந்த ஜெர்கினைப் போட்டுக்கொண்டு யாரும் நிலவுக்குப் போகவில்லை. 1959-இல் நாசா தேர்ந்தெடுத்த முதல் ஏழு பேரும் ராணுவத்தின் சோதனை விமானிகள். விமானப்படையிலிருந்து கூப்பர், கிரிஸம், ஸ்லேட்டன். கடற்படையிலிருந்து கார்பென்டர், ஷிரா, ஷெப்பர்ட். மரைன் படையிலிருந்து ஜான் கிளென். விண்வெளிக்குப் போகாத நாட்களிலும் இவர்கள் பறந்துகொண்டேதான் இருந்தார்கள். ஹூஸ்டனை அடுத்த எலிங்டன் விமானத்தளத்திலிருந்து டி-38 என்ற இரண்டு இருக்கை ஜெட்டை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்கும் தொழிற்சாலைக்கும் ஏவுதளத்துக்கும் போய்வருவது பிற்பாடு அவர்களுக்கு அன்றாட வழக்கமானது. அதிலும் ஆபத்து இருந்தது. 1964 அக்டோபர் 31 அன்று தியோடர் ஃப்ரீமன் ஓட்டிவந்த டி-38 மீது பனிவாத்து ஒன்று மோதியது. மிகத் தாழ்வாக இருக்கும்போது விமானத்திலிருந்து வெளியேறிய அவர் இறந்துபோனார். பணியில் இருக்கும்போது நாசா இழந்த முதல் விண்வெளி வீரர் அவர்தான். ஜெர்கின் இந்த வாழ்க்கையின் உடுப்பு.

யார் எந்தப் படையிலிருந்து வந்தார் என்பதைப் பொறுத்தே அவருடைய ஜெர்கினும் அமையும். கடற்படையும் மரைன் படையும் தோலை விடவில்லை. அவர்களுடையது ஜி-1. வெள்ளாட்டுத் தோல், செம்மறி ரோமக் காலர், மணிக்கட்டிலும் இடுப்பிலும் பின்னல் பட்டி. முதுகில் தோளுக்குக் கீழே இரண்டு பக்கமும் மடிப்பு வைத்துத் தைத்திருப்பார்கள். விமானி கையை முன்னால் நீட்டும்போது மடிப்பு விரிந்து இடம் கொடுக்கும், மடக்கினால் பழையபடி மூடிக்கொள்ளும். ஜிப்புக்குப் பின்னால் காற்று புகாமல் இருக்க ஒரு தோல் பட்டி உண்டு. அதை விலக்கிப் பார்த்தால் ‘யு.எஸ்.என்.’ என்ற எழுத்துகள் சிறு துளைகளாகக் குத்தியிருக்கும். பின்னால் வந்த ஜி-1களில் காலர் செயற்கை ரோமமாகிவிட்டது. அசல் ரோமமும் கம்பளிப் பின்னலும் அந்துப்பூச்சிக்கு மிகவும் பிடித்த தீனி. அதனால் அறுபது வருஷத்து ஜி-1 ஒன்றில் கைப்பட்டி மட்டும் புத்தம்புதிதாக இருந்தால் அதை மோசடி என்று சொல்லிவிட முடியாது. பட்டியை மாற்றியதை மறைத்து விற்பதுதான் மோசடி.

விமானப்படை கதை வேறு. 1931-இல் வந்த அவர்களுடைய புகழ்பெற்ற ஏ-2 தோல் ஜெர்கினைப் புதிதாக வாங்குவது 1943-இல் நிறுத்தப்பட்டது. திரும்ப வந்தது 1988-இல். இடையில் எல்லாம் நைலான் ஆட்சி. காரணம் நடைமுறை சார்ந்தது. மழையில் நனைந்த தோல் உயரே போனதும் உறைந்து விறைத்துவிடும். ஜெட் விமானத்தின் குறுகிய இருக்கைப் பகுதியில் தடிமனான உடுப்பு இடைஞ்சல். மிதமான பருவத்துக்கு எல்-2பி என்ற மெல்லிய ஜெர்கின். பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரி செல்சியஸ் முதல் மேலே 10 டிகிரி வரை உள்ள குளிருக்கு எம்.ஏ.-1. இன்று துணிக்கடைகளில் ‘பாம்பர்’ என்று தொங்குவதெல்லாம் இந்த எம்.ஏ.-1 பெற்ற பிள்ளைகள். இதற்கு முந்தைய மாதிரியில் இருந்த ரோமக் காலர் பாராசூட் வார்களில் சிக்கியதால் அதை எடுத்துவிட்டுப் பின்னல் காலர் வைத்தார்கள். வெளியே பச்சை சாம்பல் நிறம். 1960 வாக்கில் உள்ளே கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு லைனிங் வந்தது. விமானம் விழுந்து தப்பித்தவர் ஜெர்கினைத் திருப்பிப் போட்டுக்கொண்டால், தேடி வருகிறவர்களுக்குத் தூரத்திலிருந்தே தெரியும்.

இவ்வளவு தெரிந்தாலே முதல் வடிகட்டல் முடிந்துவிடும். 1960களில் விமானப்படை வழங்கிய தோல் ஜெர்கின் இது என்று, அந்தப் படையிலிருந்து வந்த விண்வெளி வீரர்களான காலின்ஸ் பெயரிலோ ஆல்ட்ரின் பெயரிலோ ஒன்று வந்தால், அங்கேயே நிறுத்திக் கேள்வி கேட்கலாம்.

இனி லேபிள். எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். கிளர்க்கின் மொழியில் எழுதப்பட்ட ஜாதகம் என்று சொல்லலாம். ஜி-1 லேபிளில் ‘எம்.ஐ.எல்.-ஜே-7823’ என்ற தர எண் இருக்கும். அதன் வாலில் வரும் ஏ, பி, சி, டி, இ என்ற எழுத்து, அது எந்தத் திருத்தத்தின்படி தைக்கப்பட்டது என்பதைச் சொல்லும். எழுத்து ஏற ஏற வயது குறைகிறது. அடுத்து ஒப்பந்த எண். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பொதுக் கொள்முதல் நிறுவனம் 1961-இல் அமைந்தது. அதன் ஒப்பந்தங்கள் ‘டி.எஸ்.ஏ.’ என்று தொடங்கும். 1977-இல் நிறுவனத்தின் பெயர் மாறியதும் அது ‘டி.எல்.ஏ.’ ஆனது. எண்ணின் நடுவே 64, 69 என்று இரண்டு இலக்கம் வரும். அது நிதியாண்டு. 1976 வரை அமெரிக்க அரசின் நிதியாண்டு ஜூலை 1-ஆம் தேதி தொடங்கியது. ஆகவே 69 என்று போட்ட ஒப்பந்தம் 1968 ஜூலையிலேயே கையெழுத்தாகி இருக்கலாம். நிதியாண்டைக் கட்டிக்கொண்டு மாரடித்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிறகு கிடங்கு எண். 8415 என்று தொடங்கும். சிறப்புப் பயன்பாட்டு உடைகள் என்ற வகைக்கான குறியீடு அது. 1974 வரை இந்த எண்ணுக்கு மொத்தம் 11 இலக்கம். அந்த ஆண்டு நடுவில் இரண்டு இலக்கம் சேர்த்து 13 ஆக்கினார்கள். அப்பல்லோ 11 புறப்பட்ட 1969-இல் ஒரு விண்வெளி வீரர் கழற்றிக் கொடுத்தது என்று சொல்லிக்கொண்டு வரும் ஜெர்கினின் லேபிளில் 13 இலக்கம் இருந்தால் வேறெதுவும் பார்க்கத் தேவையில்லை. விரலை மடக்கி எண்ணினாலே போதும்.

இந்தக் கணக்கு ஒரு திசையில் மட்டும்தான் செல்லும். ஜெர்கின் கதையைவிட வயதில் மூத்ததாக இருக்கலாம், இளையதாக இருக்கக் கூடாது. நீல் ஆர்ம்ஸ்ட்ராங் கடற்படை விமானி ஆனது 1950-இல், இருபது வயதில். கொரியப் போரில் 78 முறை பறந்தார். நாசாவின் விண்வெளி வீரர்கள் வரிசையில் அவர் சேர்ந்தது 1962-இல், அதுவும் சிவிலியனாக. இப்படிப்பட்டவர்கள் இளமையில் கிடைத்த ஜெர்கினைப் பத்து, பதினைந்து வருஷம் போட்டுத் தேய்ப்பது சாதாரணம்.

லேபிள் மட்டும் போதுமா என்றால் போதாது. ஜப்பானில் பழைய அமெரிக்க விமானி ஜெர்கின்களை நூலிழை பிசகாமல் நகலெடுக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. ஒப்பந்த எண்ணைக்கூட அப்படியே அச்சிடுவார்கள். அவர்கள் ஏமாற்றுவதில்லை, நகல் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். நாலு கை மாறிய பிறகுதான் அது அசலாகிவிடுகிறது. இதில் ஒரு வேடிக்கையும் நடந்தது. வில்லியம் கிப்சன் 2003-இல் எழுதிய நாவலில் கதாநாயகி, பஸ் ரிக்சன்ஸ் என்ற ஜப்பானிய நிறுவனத்தின் கறுப்பு எம்.ஏ.-1 போட்டிருப்பாள். அப்படியொன்றை அந்த நிறுவனம் தைத்ததே இல்லை. வாசகர்கள் கேட்டுக்கேட்டு, கடைசியில் நிஜமாகவே தைத்து விற்கத் தொடங்கியது.

நூலைச் சோதிக்கக் கல்லாவில் கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கையே சேகரிப்பவர்களும் பயன்படுத்துகிறார்கள். பிற்காலச் செயற்கை நூல்கள் பல அதன் ஒளியில் பளிச்சென்று வெளிறி மின்னும். ஆனால் சலவைத்தூளில் கலக்கும் வெண்மையூட்டியும் அதேபோல் மின்னும். ஒழுங்காகத் துவைத்து வைத்த குற்றத்துக்காக அசல் ஜெர்கின் மாட்டிக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு. இந்தச் சோதனையை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை.

அடுத்தது பேட்ச், அதாவது நெஞ்சிலும் கையிலும் தைக்கும் சின்னம். முதல் ஏழு பேருக்கான மெர்குரிப் பயணங்களுக்குத் துணிச் சின்னமே கிடையாது. இன்று கிடைப்பவை பிறகு நினைவுக்காகச் செய்தவை. முதல் பயணச் சின்னம் 1965 ஆகஸ்டில் ஜெமினி 5-க்காக வந்தது. அதில் போன கூப்பரும் கான்ராடும் மூடுவண்டிப் படம் போட்டு, ‘எட்டு நாள், இல்லையேல் தோல்வி’ என்ற பொருளில் ஒரு வாசகமும் சேர்த்தார்கள். பயணம் பாதியில் நின்றால் மானம் போகும் என்று பயந்த நாசா தலைவர் ஜேம்ஸ் வெப், வாசகத்தின் மேல் துணி வைத்து மூடச் சொன்னார். நாசாவின் சொந்தச் சின்னமும் காலம் காட்டும். நீல வட்டத்துக்குள் நட்சத்திரங்கள் உள்ளது 1959-இல் வந்தது. சிவப்பு எழுத்துகள் புழுப்போல் வளைந்து ஓடுவது 1975 முதல் 1992 வரை. பிறகு வட்டம் திரும்பியது. 2020-இல் புழுவும் மறுபடி தலைகாட்டியது.

பெயர்ப்பட்டையில் பெயரைவிடப் பதவிதான் அதிகம் பேசும். 1961 மே 5 அன்று விண்வெளிக்குப் போனபோது ஆலன் ஷெப்பர்ட் கமாண்டர்; ரியர் அட்மிரல் ஆனது 1971-இல். அட்மிரல் என்று பொறித்த பட்டையைக் காட்டி ‘முதல் பயணத்தின்போது போட்டிருந்தது’ என்று ஒருவர் சொன்னால், பட்டையே அவரை மறுத்துப் பேசும்.

எல்லாவற்றிலும் விலை உயர்ந்த ஜெர்கின் தோலும் அல்ல, நைலானும் அல்ல. 1967 ஜனவரி 27 அன்று ஏவுதளத்தில் நடந்த சோதனையின்போது அப்பல்லோ 1 கலத்துக்குள் தீப்பிடித்து கிரிஸம், வைட், சாஃபி மூவரும் இறந்தார்கள். அதன்பின் கலத்துக்குள் அணியும் உடைகளை ‘பீட்டா’ துணியில் தைத்தார்கள். மிக நுண்ணிய கண்ணாடி இழையை நெய்து டெஃப்லான் பூசிய வெள்ளைத் துணி அது, எரியாது. நூல் எரியும் என்பதால் சின்னங்களைக்கூட நூலால் பூவேலை செய்யாமல் பீட்டா துணியில் அச்சிட்டார்கள். ஆகவே நிலவுக்குப் போய்வந்தது என்று சொல்லும் அப்பல்லோ உடுப்பில் பூவேலைத் தையலில் பயணச் சின்னம் இருந்தால் சந்தேகப்பட வேண்டும். விண்வெளி உடையைக் கழற்றிய பிறகு கலத்துக்குள் ஆல்ட்ரின் போட்டிருந்த இப்படிப்பட்ட வெள்ளை ஜெர்கின், 2022 ஜூலையில் சோத்பீஸ் ஏலத்தில் 27 லட்சத்து 72 ஆயிரத்து 500 டாலருக்குப் போனது. அதில் பெயர் ‘இ. ஆல்ட்ரின்’ என்று இருக்கும். உலகம் அவரை ‘பஸ்’ என்று கூப்பிட்டாலும் அன்று சட்டப்படி அவர் எட்வின்தான்; பெயரை மாற்றிக்கொண்டது 1988-இல்.

இப்படிப்பட்ட பொருள்களை வீரர்கள் விற்கலாமா என்பதே ஒரு காலத்தில் தகராறாக இருந்தது. ஜிம் லவல் தன் அப்பல்லோ 13 கையேட்டை ஏலத்தில் விட்டதும் நாசா அது அவருடையதுதானா என்று கேட்டது. 2012 செப்டம்பரில் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம், மெர்குரி, ஜெமினி, அப்பல்லோ காலத்து வீரர்கள் வைத்துக்கொண்ட சொந்த உபயோகப் பொருள்கள் அவர்களுக்கே உரியவை என்று முடித்துவைத்தது. நிலாக்கல்லுக்கு மட்டும் அது பொருந்தாது.

எல்லாச் சோதனையும் தாண்டிய ஜெர்கினுக்குக் கடைசிச் சாட்சி புகைப்படம். வெள்ளாட்டுத் தோலின் மேற்பரப்பில் உள்ள ரேகைகளும் சுருக்கங்களும் ஒவ்வொரு தோலுக்கும் தனி. நாசாவின் பழைய படங்களைப் பெரிதாக்கினால் அவை தெரியும். பெயர்ப்பட்டையைப் பிய்த்து எடுத்திருந்தாலும் ஊசித் துளைகள் தோலில் அப்படியே நிற்கும்; பட்டை மறைத்திருந்த இடம் வெயில் படாமல் கொஞ்சம் கருமையாக இருக்கும். அந்தத் துளைகளுக்கு இடையிலான தூரத்தை அளந்து, படத்தில் உள்ள பட்டையோடு ஒப்பிடுவார்கள். நான்கு மூலையும் பொருந்தினால்தான் அடுத்த பேச்சு. அப்போதும் விலை கேட்க மாட்டார்கள். நடுவில் இத்தனை வருஷம் இது யார் வீட்டு அலமாரியில் இருந்தது என்றுதான் கேட்பார்கள்.